சுருங்காத ஒன்றைத் தேடி

1915ஆம் ஆண்டு இங்கிலாந்திடம் பீரங்கிகள் இருந்தன; சுடுவதற்குப் போதுமான குண்டுகள் இல்லை. அந்தக் குண்டுப் பஞ்சம் லண்டனில் அரசாங்கத்தையே ஆட்டிவிட்டது. மே மாதம் கூட்டணி அமைச்சரவை ஒன்று பதவிக்கு வந்தது. வெடிபொருள் உற்பத்திக்கென்றே ஒரு தனி அமைச்சகம் லாயிட் ஜார்ஜின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. ஆர்டர்கள் கடல் கடந்து அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கும் போயின. பீரங்கிக் குண்டின் உடல் என்பது எஃகில் கடைந்தெடுக்கும் ஓர் உருளை. கடைய லேத் வேண்டும். லேத்துக்கு வார்ப்பிரும்பில் ஒரு பெட் வேண்டும். எல்லாம் அங்கே வந்து முட்டிக்கொண்டு நின்றது.

பெரிய லேத் பெட்டை வார்ப்பது அவசரத்துக்கு ஆகிற வேலை இல்லை. மரத்தில் மாதிரி செய்ய வேண்டும், மண்ணில் அச்செடுக்க வேண்டும், இரும்பை உருக்கி ஊற்ற வேண்டும். ஊற்றிய இரும்பு ஆறும்போது மெல்லிய பகுதி முதலிலும் தடித்த பகுதி பின்னாலும் சுருங்கும். அந்த இழுபறி வார்ப்புக்குள்ளேயே தங்கிவிடும். சூட்டோடு சூடாக இழைத்து இயந்திரமாக்கினால் சில மாதத்தில் பெட் முறுக்கிக்கொள்ளும். அதனால் வார்ப்புகளை வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் வெளியே போட்டுவைப்பது அந்தக் காலத்து வழக்கம். போர் அவ்வளவு நாள் பொறுக்காது.

சிகாகோவில் லூசியன் யோமன்ஸ் என்ற பொறியாளர் பெட்டைக் கான்கிரீட்டில் ஊற்றினார். குண்டு கடைவதற்கான பெரிய லேத்துகளின் உடம்பு முழுக்க சிமெண்டும் மணலும் ஜல்லியும். கான்கிரீட் சுருங்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்தச் சுருக்கத்தோடு அவர் சண்டை போடவில்லை. கான்கிரீட் தன்பாட்டுக்கு இறுகட்டும் என்று விட்டுவிட்டு, துல்லியம் வேண்டிய இடங்களில் மட்டும் இரும்புப் பாகங்களைச் சரியான நிலையில் பிடித்துவைத்து, சுற்றியிருந்த இடைவெளியில் குறைந்த சூட்டில் உருகுகிற உலோகக் கலவையை ஊற்றினார். ஆறும்போது பெரிதாகச் சுருங்காத கலவை அது. மலிவான பொருள் பருமனுக்கு, விலை கூடிய பொருள் இடைவெளிக்கு என்ற இந்தப் பாகப்பிரிவினையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நூறு வருடக் கதையில் இது திரும்பத் திரும்ப வரும்.

*

இந்த வரலாற்றுக்குள் நான் நுழைந்தது ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான். என் சித்தப்பா மகன் கோவை கணபதியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறான். சதுர எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்து, அலுமினியம் வெட்டுகிற கணினி ரூட்டர் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தான். ஃபிரேம் தயார். ஆனால் சுத்தியலால் தட்டினால் கோயில் மணி மாதிரி ரீங்காரம். அந்த ரீங்காரம் வெட்டும் முனைக்குப் போய்ச் சேர்ந்தால் அலுமினியத்தின் முகத்தில் அலை அலையாகத் தடம் விழும். குழாய்களுக்குள் ஏதாவது ஊற்றி நிரப்பினால் சத்தம் அடங்கும் என்று எல்லோரும் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். எதை ஊற்றுவது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. "சிமெண்டா, எபாக்ஸியாங்ணா? ஊத்திட்டா திருப்பி எடுக்க முடியாதுங்ணா" என்றான்.

அவன் பயம் நியாயமானது. நிரப்பிய குழாயில் பிறகு துளை போட முடியாது. வெல்டிங் வைத்தால் உள்ளிருப்பது கருகும் அல்லது வெடிக்கும். தப்பாகிப்போனால் கடன் வாங்கிப் போட்ட அத்தனை எஃகும் பழைய இரும்புக் கடைக்குத்தான். ஒரு முறைதான் ஊற்ற முடியும்.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். 100 மில்லிமீட்டர் சதுரக் குழாய், சுவரின் தடிமன் 5 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் நீளத்துக்கு எஃகின் எடை ஏறக்குறைய 15 கிலோ. உள்ளே கான்கிரீட் நிரப்பினால் இன்னும் 19 கிலோ சேரும். எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. வளையாமல் நிற்கும் திறன் எவ்வளவு கூடும்? எஃகின் விறைப்பு 200 என்றால் கான்கிரீட்டின் விறைப்பு 30 போலத்தான் வரும். அதுவும் குழாயின் நடுவில், வளைவை எதிர்க்கக் குறைவாகவே உதவுகிற இடத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டால் கூடுவது 29 சதவீதம்தான். அதுவும் கான்கிரீட் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தால். ஜல்லியோ மணலோ சேர்க்காத வெறும் எபாக்ஸியின் விறைப்பு 3 போல. அதை ஊற்றினால் கூடுவது 3 சதவீதம்கூட இல்லை. எடை கூடிய அளவுக்கு விறைப்பு கூடாததால், நிரப்பிய குழாயின் இயல்பான அதிர்வெண் கால் பங்கு குறையவே செய்கிறது.

"உள்ளே ஊத்துனா கல்லு மாதிரி ஆயிடும்" என்று பட்டறைகளில் சொல்வதில் பாதிதான் உண்மை. நிரப்புவது விறைப்புக்காக அல்ல. அதிர்வை விழுங்குவதற்கும் எடைக்கும்தான். அதிர்வை விழுங்க வேண்டுமானால் உள்ளிருக்கும் பொருள் எஃகுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, அது அசையும்போது சேர்ந்து அசைய வேண்டும். விலகி நின்றுவிட்டால் வெறும் சுமை. சிமெண்டா எபாக்ஸியா என்ற கேள்வி, எது வலிமையானது என்ற கேள்வியாகத் தோன்றினாலும், உண்மையில் எது சுவரை விட்டு விலகாது என்ற கேள்வி.

*

சிமெண்ட் விலகும். அது அதன் பிறவிக் குணம். 1756இல் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்துக்காக ஜான் ஸ்மீட்டன் தண்ணீருக்குள்ளும் இறுகுகிற சுண்ணாம்பைத் தேடிச் சோதனைகள் செய்தார். 1824இல் லீட்ஸைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் 'போர்ட்லேண்ட் சிமெண்ட்' என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். அன்றிலிருந்து இன்றுவரை சிமெண்ட் இறுகுவது தண்ணீரோடு சேர்ந்துதான். நூறு கிலோ சிமெண்ட் முழுமையாக வினைபுரிய 25 கிலோ அளவுக்குத் தண்ணீர் போதும். ஆனால் அவ்வளவு குறைவாக ஊற்றினால் கலவை ஓடாது, மூலைக்குப் போய்ச் சேராது. ஓடுவதற்காகக் கூடுதலாக ஊற்றும் தண்ணீர் பிறகு வெளியேறும்போது கான்கிரீட் சுருங்கும்.

சாதாரணக் கலவை ஒரு மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் அளவில் சுருங்கும். நம் குழாயின் 90 மில்லிமீட்டர் அகலத்துக்கு அது 45 மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. மூடிய குழாய்க்குள் தண்ணீர் வெளியேற வழி குறைவு என்பதால் முழுச் சுருக்கமும் நடக்காது. ஆனால் நமக்குத் தொல்லை தரும் அதிர்வின் வீச்சே சில மைக்ரான்தான். இடைவெளி அதைவிடப் பெரிதாக இருந்தால், சுவர் உள்ளிருக்கும் கான்கிரீட்டைத் தொடாமலே அதிர்ந்துகொண்டிருக்கும்.

சிமெண்ட்காரர்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. முதலில் கலவையில் இரும்புத் துகள்களைச் சேர்த்தார்கள். இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். சிமெண்ட் சுருங்குவதைத் துருவின் பருமன் ஈடுகட்டும். வீட்டுக் கம்பியைத் தின்று கூரையைப் பெயர்க்கிற அதே துருவை வேலைக்கு அமர்த்திக்கொண்டார்கள். பிறகு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் அலெக்சாண்டர் க்ளைன் விரிவடையும் சிமெண்டை உருவாக்கினார். இறுகும்போது எட்ரிங்கைட் என்ற ஊசி வடிவப் படிகங்கள் உள்ளே வளர்ந்து கலவையை மெல்ல விரிக்கும். அமெரிக்காவில் 'கே' வகைச் சிமெண்ட் என்ற பெயரில் இருக்கும் 'கே' அவர் பெயரின் முதல் எழுத்து. இன்று கடையில் மூட்டையாகக் கிடைக்கிற சுருங்காத கிரௌட்டுகள் பலவற்றிலும் இந்த யோசனையின் ஏதோ ஒரு வடிவம் இருக்கிறது.

*

எபாக்ஸியின் கதை பல் செட்டில் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தில் டி ட்ரே என்ற நிறுவனம் பல் மருத்துவப் பொருட்கள் செய்துவந்தது. அங்கே வேலை பார்த்த வேதியியலாளர் பியர் காஸ்டன் செயற்கைப் பற்களுக்கான பிசின் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். பல் செட்டுக்கு மிக முக்கியமான தகுதி, இறுகும்போது சுருங்காமல் இருப்பது. ஈறின் அச்சில் ஊற்றியது அச்சைவிடச் சிறிதாக வந்தால் வாயில் நிற்காது. 1930களின் இறுதியில் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பிசின் இறுகும்போது தண்ணீரோ வேறு ஆவியோ வெளியேறவில்லை. அதனால் சுருக்கமும் குறைவாக இருந்தது. பல் மருத்துவத்தில் அது எடுபடவில்லை. பாசல் நகரத்தின் சீபா நிறுவனம் உரிமையை வாங்கி, 1946இல் அரால்டைட் என்ற பெயரில் பசையாக அறிமுகப்படுத்தியது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ பெயிண்டுக்காக அதே வகைப் பிசினுக்கு வந்து சேர்ந்திருந்தார். நம் வீட்டு அலமாரியில் மூடி இறுகிப்போய்க் கிடக்கிற அந்த இரண்டு ட்யூப்களின் பூர்வீகம் இதுதான்.

எபாக்ஸியை இயந்திரங்களின் அடிக்குக் கொண்டுவந்தது எண்ணெய். அமெரிக்காவில் எரிவாயுக் குழாய்த்தடங்கள் பெருகியபோது பிரம்மாண்டமான கம்ப்ரஸர்கள் கான்கிரீட் அஸ்திவாரத்தின் மேல் இரவு பகலாக ஓடின. இயந்திரத்தின் அடிப்பாகத்துக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவே சிமெண்ட் கிரௌட். கசிகிற மசகெண்ணெய் அதில் ஊறி ஊறி, நாளடைவில் அதைப் பொலபொலக்க வைத்தது. பிடிமானம் போன இயந்திரம் தன் சொந்த உதறலில் அஸ்திவாரத்தையே அரைக்கத் தொடங்கும்; கிராங்க் ஷாஃப்ட் வரைக்கும் அந்தக் கேடு போகும். 1950களின் இறுதியிலிருந்து அந்த இடத்தில் எபாக்ஸி வந்தது. எண்ணெய் அதற்குள் இறங்காது, எஃகை விட்டு லேசில் பிரியாது. 1996இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் இயந்திரங்களை நிறுவுவதற்கு வெளியிட்ட 686 என்ற எண்ணுள்ள வழிகாட்டி எபாக்ஸி கிரௌட்டைத்தான் முதல் தேர்வாகச் சொன்னது. அப்போதும் அஸ்திவாரம் கான்கிரீட்தான். எபாக்ஸி மேலே ஒரு படலம் மட்டும். யோமன்ஸின் அதே பாகப்பிரிவினை.

எபாக்ஸிக்கும் குணக்கேடுகள் உண்டு. இறுகும்போது அது சூட்டைக் கக்கும். கப்பில் கலக்கியதை மறந்து வைத்துவிட்டால் புகை வருவதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய பருமனில் ஒரேயடியாக ஊற்றினால் உள்ளே நூறு டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் இறுகியது பிறகு ஆறும்போது சுருங்கி வெடிப்பு விடும். சூட்டுக்கு விரிவதிலும் அது எஃகோடு ஒத்துப்போகாது. ஒரு மீட்டர் எஃகு 10 டிகிரி வெப்பம் ஏறினால் 0.12 மில்லிமீட்டர் நீளும். அதே நீளத்துக்கு வெறும் எபாக்ஸி அரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். காலையில் 24 டிகிரியும் மதியம் 36 டிகிரியுமாக இருக்கும் தகரக் கூரைப் பட்டறையில், ஒன்றோடொன்று ஒட்டிய இந்த இரண்டும் தினமும் மல்லுக்கட்டும்.

இதற்கு மருந்து கல். 1970களில் சுவிட்சர்லாந்தின் தூன் நகரத்துக்கு அருகே கிரைண்டிங் இயந்திரங்கள் செய்யும் ஸ்டூடர் நிறுவனம், பல அளவுகளில் உடைத்த கற்களைக் கொஞ்சமே எபாக்ஸி விட்டுப் பிணைத்து கிரானிட்டான் என்ற பொருளை உருவாக்கியது. 1979இல் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டிலிருந்து மக்கியோன், மார்கன் இருவரும் துல்லிய இயந்திரங்களுக்கான எபாக்ஸி கிரானைட் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். பெரிய கற்களுக்கு இடையே சின்னக் கற்கள், அவற்றுக்கு இடையே மணல், அதற்கும் இடையே மாவு. மிச்சமிருக்கும் நூலிழை இடைவெளிகளில் மட்டும் பிசின். எடையில் பத்தில் ஒரு பங்கு பிசின் இருந்தால் போதும். விரிவு எஃகுக்கு அருகில் வந்துவிடும், சூடும் அடங்கும், அதிர்வை வார்ப்பிரும்பைவிடப் பல மடங்கு விழுங்கும். இங்கேயும் மலிவான கல் பருமனுக்கு, விலை கூடிய பிசின் இடைவெளிக்கு.

மூன்றாவதாக ஒரு வழியை எம்ஐடியின் அலெக்சாண்டர் ஸ்லோகமும் அவருடைய கூட்டாளிகளும் 1990களில் காட்டினார்கள். சுவரோடு ஒட்ட வேண்டும் என்ற பிடிவாதத்தையே அவர்கள் விட்டுவிட்டார்கள். உள்ளே இன்னொரு குழாயை வைத்து, அதன் மேல் ரப்பர் போன்ற அதிர்வு விழுங்கும் படலத்தைச் சுற்றி, வெளிக்குழாய்க்கும் படலத்துக்கும் நடுவிலுள்ள சின்ன இடைவெளியில் மட்டும் எபாக்ஸி ஊற்றினார்கள். பிறகு வந்த வடிவத்தில் நடுக்கரு கான்கிரீட். வெளிக்குழாய் வளையும்போது நடுக்கரு அதோடு சேர்ந்து வளைய மறுக்கும். இரண்டுக்கும் நடுவே படலம் பிசையப்படும். அந்தப் பிசைவில் அதிர்வு சூடாக மாறிச் செத்துப்போகும்.

*

இந்த வரலாறுகளில் யாரும் எழுதாத பாத்திரம் ஒன்று உண்டு: ஊற்றுகிற கை.

சிமெண்ட் கலவை கடுமையான காரம். ஈரச் சிமெண்டில் நாள் முழுக்க நிற்கிற கொத்தனாரின் பாதத்தைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. அதிலிருக்கும் குரோமியத்தின் ஒரு வடிவம் ஒவ்வாமையை உண்டாக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஜனவரியிலிருந்து அதைச் சிமெண்டில் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் விடக்கூடாது என்று வரம்பு போட்டது. எபாக்ஸி இன்னும் நயவஞ்சகமானது. ரெசினும் ஹார்ட்னரும் பல நாள் தோலில் பட்டாலும் ஒன்றும் தெரியாது. ஒருநாள் உடம்பு அதை எதிரியாக முடிவு செய்துவிடும். அதன்பிறகு கையில் ஒரு துளி பட்டாலும் தடித்து அரிக்கும். பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க. அப்படி ஆன ஆள் அந்தத் தொழிலையே விட வேண்டிவரும். எபாக்ஸியில் கையுறை இல்லாமல் வேலை செய்கிற பையன்களை நான் பல பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். "ஒண்ணும் ஆகாதுங்க, பழகிருச்சு" என்பார்கள். பழகிய தோலில்தான் அது நடக்கும். நைட்ரைல் கையுறையின் விலையையும் சேர்த்துத்தான் எபாக்ஸியின் விலையைக் கணக்கிட வேண்டும்.

விலை என்று வந்தால் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஒரு கிலோ எபாக்ஸியின் விலைக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை சிமெண்டே வாங்கிவிடலாம். என் தம்பியின் ஃபிரேமில் 8 மீட்டர் குழாய் இருந்தது. அதன் உள்ளளவு 65 லிட்டர். வெறும் எபாக்ஸியால் நிரப்பினால் 70 கிலோவுக்கு மேல் வேண்டும். கல்லும் மணலும் சேர்த்தால் 15 கிலோ போதும். ஆனால் அவ்வளவு குறைந்த பிசினோடு கலந்த கல் தானாக ஓடாது. அதிர்வூட்டி இறக்க வேண்டும். குறுகிய குழாயின் மூலைகளில் அது நடந்ததா என்று கண்ணால் பார்க்கவும் முடியாது.

அதனால் நான் அவனுக்கு எழுதிக்கொடுத்தது இதுதான். நிரப்பும் பருமனுக்குச் சுருங்காத சிமெண்ட் கிரௌட். குழாயின் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. கிரௌட்டில் மூட்டையில் போட்டிருக்கிற அளவுக்கு மேல் ஒரு குவளை தண்ணீரும் ஊற்றக் கூடாது. ஓடவில்லை என்று தண்ணீர் சேர்க்கிற அந்த நிமிஷத்தில் சுருங்காத கிரௌட் சாதாரணச் சிமெண்ட் ஆகிவிடும். உள்ளே துரு பிடிக்குமோ என்ற பயம் வேண்டாம்; சிமெண்டின் காரமே எஃகுக்குக் காவல். ஆனால் குழாயின் இரண்டு முனைகளையும் மூடி, மசகெண்ணெயும் வெட்டுநீரும் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துளைகளும் வெல்டிங்கும் ஊற்றுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஊற்றிய பிறகு குறைந்தது 28 நாள் ஃபிரேமைத் தொடக் கூடாது.

அதற்கப்புறம் எபாக்ஸி. இயந்திரம் ஓடுகிற தண்டவாளங்கள் உட்காரும் மேற்பரப்பில் மட்டும், சில மில்லிமீட்டர் தடிமனில், மாவு சேர்த்த பிசின். சிமெண்ட் தன் சுருக்கத்தையெல்லாம் சுருங்கி முடித்து, வெல்டிங் தன் முறுக்கத்தையெல்லாம் முறுக்கி முடித்த பிறகு, மிச்சமிருக்கும் கோணலை அந்த மெல்லிய படலம் நிரவும். 65 லிட்டருக்குப் பதில் ஒன்றோ இரண்டோ கிலோ.

எபாக்ஸியே முழுக்கப் போட வேண்டிய இடங்களும் உண்டு. ஃபிரேம் சிறியதாக இருந்தால் விலை வித்தியாசம் பொருட்டில்லை. இரண்டே நாளில் வேலை தொடங்க வேண்டியவரால் 28 நாள் காத்திருக்க முடியாது. எண்ணெயில் குளிக்கிற இயந்திரத்துக்குச் சிமெண்ட் ஆகாது. மேசை மேல் வைக்கிற சின்ன இயந்திரத்துக்குக் கல் சேர்த்த எபாக்ஸியை நானும் தயங்காமல் சொல்வேன். ஆனால் ஆறடிக்கு நாலடி ஃபிரேமை எபாக்ஸியால் நிரப்பச் சொல்கிறவர், பெரும்பாலும் அதை விற்கிறவராக இருப்பார்.

யோமன்ஸின் கான்கிரீட் லேத்துகள் போர் முடிந்ததும் வழக்கொழிந்தன. இரும்பு திரும்பக் கிடைத்தது, நேரமும் கிடைத்தது. கான்கிரீட்டுக்கு அப்போது தேவையில்லாமல் போயிற்று. இந்த நூற்றாண்டில் ஜெர்மனியில் மிக நுண்ணிய துகள்கள் கொண்ட உயர்வலிமைச் சிமெண்டால் இயந்திர பெட்டுகளை மறுபடியும் ஊற்றுகிறார்கள். அதன் விறைப்பு சாதாரணக் கான்கிரீட்டைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். வார்ப்பிரும்பை உருக்க ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் கொதிக்க வைக்க வேண்டும். இது அறைச் சூட்டிலேயே இறுகிவிடுகிறது. ஆனால் அந்த பெட்டுகளிலும் தண்டவாளம் உட்காரும் இடத்துக்கு வந்ததும், பெரும்பாலும் தனியாக ஒரு படலம் வார்க்கிறார்கள் அல்லது அந்த இடத்தை மட்டும் அரைத்துச் சமன் செய்கிறார்கள்.